திட்டினாலும் பதில் சொன்ன பக்கம்

டான்யூப் கரையிலுள்ள அந்தச் சிறிய பல்கேரிய நகரத்தில், தண்ணீர் நிறுத்தப்போகும் அறிவிப்பை அடுக்குமாடிகளின் வாசற்கதவில் ஒட்டுவார்கள். இரங்கல் தாள்களையும் அதே கதவில்தான் ஒட்டுவார்கள். இறந்தவரின் படத்தை நின்று பார்க்கிறவர்கள் பக்கத்திலிருக்கும் தண்ணீர்த் தாளைக் கவனிக்காமல் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீர் வாரியத்துக்குப் போன் போட்டுக் கத்துவார்கள். அந்தப் போனை எடுப்பவள் வெனெத்தா கஞ்சேவா.

வாரியத்துக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம் வேண்டும் என்று அவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் எழுதுவது, யார் பதில் சொல்வது, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வது என்று நான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதி, இயக்குநர் பர்வான் தோஷெவின் மேசையில் வைத்தாள். தோஷெவ் குழாய்களோடே வாழ்ந்த இஞ்சினியர். நேர்மையான மனிதர், ஆனால் கூட்டம் என்றாலே அவருக்கு அலர்ஜி.

"அங்க போய் நின்னா ஊரே நம்ம மேல கல்லெறியும், வெனெத்தா."

"இப்பவும் எறியறாங்க சார். நாம இல்லாத இடத்துல நின்னு எறியறாங்க. அதனால நமக்கு வலிக்கல, அவ்வளவுதான்."

தோஷெவ் நாக்கால் 'ச்சு' கொட்டித் தலையை மேலே தூக்கினார். முடியாது என்று அர்த்தம்.

மே மாதத்தில் ஒருநாள் அவள் வேறு வழியில் போனாள். "ஒரே ஒரு காலை, என் நாற்காலியில உக்காருங்க சார். நான் உங்களுக்குக் காபி போட்டுத் தரேன்" என்றாள். அன்று கிழக்குப் பேட்டையில் தண்ணீர் இல்லை. தோஷெவ் உட்கார்ந்தார். எடுத்த போனிலெல்லாம் ஒரே கேள்வி: தண்ணீர் எப்போது வரும்? இருபத்து மூன்றாவது அழைப்போடு அவர் ரிசீவரை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"மூணு மாசம். அதுக்குள்ள எவனாவது எங்க அம்மாவை இழுத்தா, மூடிடுவேன்."

பக்கம் திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, நைதன் ஸ்லாவோவ் என்று ஒருவர் தோஷெவின் அம்மாவை இழுத்துவிட்டார். வெனெத்தா அதை இயக்குநரிடம் சொல்லவில்லை, அழிக்கவும் இல்லை. 'உங்கள் தெரு எது என்று சொல்லுங்கள்' என்று மட்டும் கீழே எழுதினாள். தெருப் பெயரோடு இன்னொரு வசவு வந்தது. 'நாளை ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை உங்கள் தெருவில் தண்ணீர் இருக்காது' என்று பதில் போட்டாள். அந்தக் கோடை முழுக்க அப்படியே நடந்தது. அவர் திட்டுவார், அவள் நேரத்தைச் சொல்வாள்.

ஆகஸ்டில் பெரிய குழாய் வெடித்தது. மூன்று நாள் பாதி நகரத்துக்குத் தண்ணீர் இல்லை. லாரி எங்கே நிற்கும், எப்போது வரும் என்று வெனெத்தா விரல் வலிக்க எழுதிக்கொண்டிருந்தாள். கீழே தொள்ளாயிரம் கருத்துகள் குவிந்தன. யாரோ அவற்றை அச்செடுத்து இயக்குநரிடம் கொடுத்துவிட்டார்கள். படித்து முடித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"போதும். திங்கட்கிழமையோட மூடு."

அவள் வாதாடவில்லை. அதற்கான தெம்பு இல்லை. 'திங்கள் முதல் இந்தப் பக்கம் இயங்காது, தொலைபேசியில் அழைக்கவும்' என்று எழுதிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள்.

அன்று மதியம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கனத்த உடம்புக்காரர் ஒருவர் இயக்குநர் அறைக்குள் நேராக நுழைந்தார். தடுக்க ஓடிய வெனெத்தா வாசலில் நின்றுவிட்டாள்.

"நீங்கதான் தோஷெவா?"

"ஆமா."

"நான் நைதன் ஸ்லாவோவ். உங்க அம்மாவைப் பத்தி எழுதினது நான்தான்."

தோஷெவ் மெதுவாக எழுந்து நின்றார்.

"சண்டைக்கு வரல, உக்காருங்க. பக்கத்தை மூடாதீங்கன்னு சொல்ல வந்தேன்." நைதன் தானும் உட்கார்ந்துகொண்டார். "என் பொண்டாட்டி மின்காவுக்குச் சிறுநீரகம் ரெண்டும் போச்சு. ரத்தம் சுத்தமாகறதுக்கு வீட்டுலயே வயித்துக்குள்ள திரவம் ஏத்தி இறக்கறோம், ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் கையைச் சுத்தமாக் கழுவணும், இல்லேன்னா சீழ் பிடிச்சிரும். சொல்லாம கொள்ளாமத் தண்ணி நின்னு போயி, போன வருஷம் ஒரு தடவை அவ சாவு வரைக்கும் போயிட்டு வந்தா. இந்த மூணு மாசமாத்தான் முதல் நாளே பிடிச்சு, காய்ச்சி, ஆற வெச்சிடறேன். நான் ஊத்துவேன், அவ கழுவுவா."

"அப்புறம் ஏன்யா அப்படித் திட்டறீங்க?" என்று தோஷெவ் கேட்டார்.

"தண்ணி வரலேன்னா திட்டாம என்ன செய்யறது? முன்னாடி சுவத்தைப் பாத்துத் திட்டினேன். இப்பத் திட்டினா பதில் வருது."

"எங்க அம்மா போய் ஒம்பது வருஷம் ஆச்சு."

நைதன் எழுந்து, இறந்தவர்களுக்காக அந்த ஊரில் சொல்வதைச் சொன்னார். "கடவுள் அவங்களை மன்னிக்கட்டும். எனக்குத் தெரியாது. இனிமே உங்களை மட்டும் திட்டறேன்."

தோஷெவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடம் அவள் சொல்லிப் பார்த்ததை, தினமும் அவளைத் திட்டிய மனிதர் வந்து சொல்லிவிட்டார். வாசலில் நின்ற அவள் நன்றி சொல்வதற்குள் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தோஷெவ் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார். "எடு, போன்ல எடு. நம்ம பக்கத்துல போடு" என்று வெனெத்தாவிடம் சொன்னார். வெடித்த குழாயைக் கையால் தட்டிக்காட்டி, ஏன் வெடித்தது, எப்போது சரியாகும், எதெல்லாம் தன் தவறு என்று சேற்றில் நின்றபடி நான்கு நிமிடம் பேசினார். மறுநாள் விடியும்போது, வேலையாட்களுக்காக அந்தத் தெருப் பெண்கள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனித்சாவைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். வசவும் வந்தது, ஆனால் கூடவே வந்த 'நன்றி'களை வெனெத்தா எண்ணுவதை விட்டுவிட்டாள்.

அக்டோபரில், மற்ற அலுவலகங்களும் இப்படிப் பக்கம் திறக்கலாமா என்று பேச, நகராட்சியில் எல்லா அலுவலகத் தலைவர்களையும் கூட்டினார்கள். குளிர்காலத்தில் வீடுகளுக்குக் குழாய் வழியே வெப்பம் அனுப்பும் வெப்ப வாரியத்தின் தலைவி உதட்டைப் பிதுக்கினார். "கண்டவனும் திட்டினா?"

வெனெத்தா தன் தாள்களை எடுப்பதற்குள் தோஷெவ் முந்திக்கொண்டார். "திட்டுவாங்க மேடம். எங்க அம்மா வரைக்கும் போவாங்க. பதில் மட்டும் நிறுத்தாதீங்க. ஒரு காலை உங்க போன் பக்கத்துல உக்காந்து பாருங்க, புரியும்." அன்றே வெப்ப வாரியமும் பேருந்து அலுவலகமும் சரி என்றன. ஓய்வூதிய அலுவலகம் யோசித்துச் சொல்கிறேன் என்றது.

வெளியே வந்ததும் வெனெத்தா நைதனுக்குப் போன் போட்டாள். எடுத்தது மின்கா.

"அவரு கடைக்குப் போயிருக்காரு. யாரும்மா?"

"தண்ணீர் வாரியத்துலேருந்து வெனெத்தா. அவருக்கு ஒரு நன்றி சொல்லணும்."

"நீங்கதானா அது?" மின்காவின் குரல் மெலிந்திருந்தாலும் சிரிப்பு இருந்தது. "இந்தத் திட்டுக்கு இவ்வளவு பொறுமையாப் பதில் வருதே, ஏதோ மிஷினுன்னுதான் நெனச்சோம். அப்புறம் ஒரு நாள் 'தெரியல, கேட்டுச் சொல்றேன்'னு எழுதினீங்க. மிஷினு அப்படிச் சொல்லாது, அங்க மனுஷங்க இருக்காங்கன்னு அன்னிக்குத்தான் அவரு சொன்னாரு."