உதறிக் காட்டு

மூன்று மணி நேரமாக ஒரே சொல்லின் அர்த்தத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸில் தாசில்தார், மிராசுதாரின் வக்கீல், அவருடைய களத்தை மேற்பார்க்கும் காரியக்காரர் அமிர்தலிங்கம். எதிரே தரையில் செபஸ்தியம்மாள். நெல் திருடினாள் என்று புகார். திருட்டு என்று முடிவானால் இன்றைக்கே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார்கள். ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டது என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருந்தது. அவளுக்கு ஒரு நாற்காலி வரவில்லை.

அறுப்புக் காலத்தில் களத்தை விட்டுப் போகிற ஆண்கள் துண்டை உதறினால் போதும். பெண்கள் காரியக்காரர் முன்னால் நின்று சேலை மடியை அவிழ்த்து உதறிக் காட்டவேண்டும். செபஸ்தியம்மாள் அன்று மாட்டேன் என்றாள். பிறகு நடந்ததைப் பார்த்தவர் எங்கள் மாதா கோயில் இத்தாலிச் சாமியார். மறுவாரமே பக்கவாதம் வந்து அவருடைய தமிழ் போய்விட்டது. பிறந்த ஊர்ப் பேச்சு மட்டும் மிச்சம். தூக்கிவந்து உட்கார வைத்திருந்தோம். அமிர்தலிங்கத்தைக் காட்டி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஸ்குவோத்தெரே.

பி.எஸ்சி. படித்தவள் என்று, சாமியாரின் இத்தாலி–ஆங்கில அகராதியோடு என்னை அழைத்திருந்தார்கள். அன்று அவரோடு நானும் வரப்பில் நின்றேனா என்று யாரும் கேட்கவில்லை.

வாசித்தேன். ஷேக், டாஸ், ஸ்டிர், ரவுஸ். உலுக்குவது, உதறுவது, கிளறுவது, எழுப்புவது.

வக்கீல் கடைசியைப் பிடித்துக்கொண்டார். "சாமியாரே சொல்றாரு பாருங்க. களத்துல படுத்துக் கெடந்தவளக் காரியக்காரரு எழுப்புனாரு. மடியிலேருந்து நெல்லு கொட்டுச்சு. அவ்வளவுதான்."

இரண்டு படி இருக்கும் என்றார் அமிர்தலிங்கம். தாசில்தார் எழுதிக்கொண்டார்.

உலுக்குவது என்பதுதான் முதலில் இருக்கிறது என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா பேசும்மா. பரீட்சையா எழுதுற?" என்றார் வக்கீல். சிரித்தார்கள். அகராதியை மேசையில் அறையவேண்டும் போலிருந்தது. தோளைப் பிடித்து ஒரு பெண்ணை உலுக்கியதற்கு ஆங்கிலத்தில் நாலு அர்த்தம் வாசிக்கிறேன். கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் நிற்கிறேன்.

நெல் இல்லை என்கிறாயே, வேறு என்னதான் விழுந்தது என்று தாசில்தார் செபஸ்தியம்மாளிடம் மறுபடியும் கேட்டார்.

செபஸ்தியம்மாள் தலை நிமிரவில்லை. "அவரு சம்சாரத்தக் கேக்கச் சொல்லுங்க."

அமிர்தலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரியும். விழுந்ததைக் காலால் வைக்கோலுக்குள் தள்ளியவரே அவர்தான்.

"அப்ப நெல்லுன்னே வச்சுக்குவோம்," என்று தாசில்தார் பேனாவை மூடினார்.

விலங்கியல் பரீட்சையில் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை, வீட்டில்கூட. செபஸ்தியம்மாள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

"நெல்லு இல்லீங்க சார்." சத்தமாகவே வந்தது. "நான் அங்கதான் நின்னேன். களத்துல மாத்த மறைவு ஏது? வாய்க்கால்ல அலசிக்கலாம்னு மடியில சுருட்டி வச்சிருந்தாங்க. விழுந்தது தீட்டுத்துணி."