சைக்கிள் டியூப் ஒட்டிய மிஷின்

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு பெரிய போர்டு உண்டு. 'நல்ல யோசனை யாரிடமிருந்தும் வரலாம்' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். சாமை, வரகு தோலெடுக்கும் மிஷின் செய்கிற கம்பெனி. நான் பார்த்திபன், சர்வீஸ் ஆள். சொந்த ஊர் கணியம்பாடி என்பதால் ஜவ்வாது மலை முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன வருஷம் தை மாதம் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மகளிர் குழுவின் மிஷினைப் பார்க்கப் போனேன். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் செல்லியம்மாள். ஐம்பது வயதிருக்கும். மூடியில் இருந்த கம்பெனி சீல் அறுந்து கிடந்தது. திறந்து பார்த்தால், சாமை வேகமாக வந்து மோதுகிற இரும்புச் சுவர் முழுக்க சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"இரும்புல பட்டா ஒடஞ்சி பாதி நொய்யாப் போவுது சார். ரப்பர் வெச்சா ஒடையல. நீங்களே பாருங்க."

ஒரு கை அரிசியை அள்ளி நீட்டினார். முழுசு முழுசாக இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? விறைப்பாக மூஞ்சியை வைத்துக்கொண்டு, சீல் அறுந்ததற்கு சாட்சியாக ஒரு போட்டோ எடுத்தேன். சர்வீஸ் கார்டில் சிவப்பு மையால் 'வாரண்டி ரத்து. ஓட்டுபவர் செய்த தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழுத் தலைவி திரௌபதி அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். செல்லியம்மாள் அரிசியைத் திரும்பச் சாக்கில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

போட்டோ ரிப்போர்ட்டோடு தலைமை அலுவலகம் போனது. பத்தே நாளில் புதுமைப் பிரிவு மேலாளர் கோகுலகிருஷ்ணன் போன் செய்தார். "பிரமாதம் பார்த்திபன். நொய்யைக் குறைக்க நாங்க ரெண்டு வருஷமா மண்டையை உடைச்சிக்கிறோம். ஒரு ஃபாரம் அனுப்புறேன், ஃபில் பண்ணுங்க."

ஃபாரத்தில் 'யோசனை வந்த இடம்' என்று இரண்டு கட்டங்கள். கம்பெனிக்கு உள்ளே, கம்பெனிக்கு வெளியே. வெளியே என்றால் சொன்னவர் பெயர், கையெழுத்து, சட்டப் பிரிவின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். "ஆறு மாசம் இழுக்கும், உள்ளேன்னே போட்டுருங்க" என்றார். அவர் தலையில் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை வேறு. எதைத் தவறு என்று சிவப்பு மையால் எழுதினேனோ, அதையே அந்த அம்மாளின் யோசனை என்று பெயர் போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. உள்ளே என்று டிக் போட்டேன்.

ஆண்டு விழாவில் அந்த யோசனைக்காக எனக்கு ஷீல்டு கொடுத்தார்கள். என் மனைவி தேவயானி அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் நான் டிவி பார்ப்பதில்லை.

கார்த்திகையில் அந்தக் குழுவின் மோட்டார் எரிந்துபோனது. டியூபுக்கும் மோட்டாருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் ரத்தான வாரண்டி ரத்தானதுதான். அறுவடை சமயத்தில் பெண்கள் மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி அலைந்தார்கள். அலைந்த கோபம் முழுவதும் செல்லியம்மாள் மேல் விழுந்தது. மிஷின் ரூம் சாவியை எப்போதோ பிடுங்கியிருந்தார்கள். பிறகு அவர் கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்.

இந்த மாசியில் புது மாடல் வந்தது. விளம்பரத்துக்கு மலைப் பெண்கள் நிற்கிற படம் வேண்டும் என்று, அதே குழுவுக்கு ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு போட்டோகிராபரையும் கூட்டிக்கொண்டு போய் மிஷினை மாட்டியவன் நான்தான்.

மூடியைத் திறந்து காட்டினேன். சுவர் முழுக்கக் கறுப்பு ரப்பர், கம்பெனி முத்திரையோடு. புது மிஷின் என்றதும் வந்திருந்த செல்லியம்மாள் பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"ரப்பர் வெச்சிக்கிறாங்களே சார்" என்றார். "அப்ப நான் வெச்சது தப்பில்ல தான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும், சாவி அவர் கைக்குப் போயிருக்கும். போட்டோகிராபர் பக்கத்தில் நின்றிருந்தார். இங்கே சொன்னால் நாளைக்கே கோகுலகிருஷ்ணன் காதுக்குப் போகும்.

"சீலை அறுத்தது தப்புதாங்க" என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"கேட்டுக்கினியா யக்கா?" என்றார் திரௌபதி. "இனிமே இதுல கை வெக்காத."

படம் எடுக்க எல்லோரையும் மிஷினைச் சுற்றி நிறுத்தினார்கள். யாரும் சொல்லாமலே செல்லியம்மாள் விலகிக்கொண்டார். நடுவில், மிஷின் மேல் கை வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

வேலை முடிந்து ஜீப்பில் ஏறும்போது அவர் தனியாக வந்தார். போட்டோகிராபர்கூட அருகில் இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"சார், இத யாருங்க யோசிச்சது?"

"ஆபீஸ்ல ஒருத்தர்."

"சாமை குத்தி நொய் பொடச்சி அவஸ்தப்பட்டவங்களாத்தான் இருப்பாங்க. இல்லாங்காட்டி இது தோணாது." கொஞ்சம் தயங்கினார். "நான் கேட்டதா அவங்களாண்ட சொல்லுங்க சார்."

"சொல்றேங்க" என்றேன்.