போயிட்டு வாரோம்

உல்லாசபுரியில் வெயில் இலவசம். நிழலுக்குத்தான் தனிக் கட்டணம்.

நுழைவாயிலில் நின்ற பெனிட்டா என்ற பெண் இதைச் சிரித்த முகத்தோடு எடுத்துச் சொன்னாள். சங்கரபாண்டி கையில் இருந்தது ஜவுளிக்கடைக் கூப்பன். மைத்துனன் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்த கடையில், மூன்று பேர் ஒருநாள் உல்லாசபுரிக்குச் சும்மாவே போய்வரலாம் என்று கொடுத்தது. சும்மா என்றால் அடிப்படை வகை. அடிப்படை வகையில் வெயில் உண்டு, நிற்பதற்குத் தரை உண்டு, எந்த ராட்டினத்திலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம்.

“கத்தலாமா?” என்று கேட்டாள் எட்டு வயது மகள் இசைவாணி.

“கத்துறது வெள்ளி வகையிலதான் வருதும்மா” என்றாள் பெனிட்டா.

ஏறுவது டிக்கெட்டில் அடக்கம், கத்துவது அடக்கமில்லை. அதனால் அடிப்படைக்காரர்கள் எல்லாரும் உச்சியிலிருந்து கீழே வரும்போது வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். ஒரு பெரியவர் கத்தலை அப்படியே அடக்கி, வீட்டில் போய்க் கத்திக்கொள்ளலாம் என்று பையில் போட்டு வைத்திருந்தார். வாசலில் பையைத் திறந்து பார்த்து அதற்குப் பார்சல் கட்டணம் போட்டார்கள். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது, பார்சல் என்றால் பார்சல்தானே!

சங்கரபாண்டியின் மனைவி கனகமணி பாளையங்கோட்டையில் ரவிக்கை தைப்பவள். அளவில் கறார், பேச்சில் தாராளம். மத்தியானம் மண்டை காய்ந்ததும் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உடனே ஒரு சீருடைக்காரர் டேப்போடு வந்து, தரையில் விழுந்த நிழலை அளந்து, ஒன்றரைச் சதுர அடி என்று எழுதினார்.

“ஒன்னேகால்தான் வரும். சரியா அளங்க” என்றாள் கனகமணி.

மறுபடி அளந்தார்கள். ஒன்றேகால்தான் வந்தது. சீருடைக்காரர் வருத்தம் தெரிவித்துத் தொகையைத் திருத்தினார். அன்று முழுக்கக் கனகமணி அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தாள்.

அது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுரண்டையில் அவள் தம்பி பேச்சிமுத்துவுக்குக் கல்யாணம். அவனுக்குக் கூடப்பிறந்தவள் இவள் ஒருத்திதான். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு. இவள் போய் நிற்காவிட்டால் தாலி ஒற்றை முடிச்சில் தொங்கும். தம்பி பிறந்த அன்றைக்கே அந்த இரண்டு முடிச்சும் தனக்கு என்று எழுதி வைத்தது மாதிரி இருப்பவள் அவள். போன ஒரு மாதமாக, கடையில் மிஞ்சிய நூலில் எல்லாம் முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளிவாசலுக்கு வந்தார்கள். பெனிட்டா இரண்டு கையையும் கூப்பினாள்.

“கிளம்பிட்டீங்களா சார்?”

“ஆமாம்மா, போயிட்டு வாரோம்” என்றான் சங்கரபாண்டி.

திறந்துகொண்டிருந்த கதவு நின்றது. உல்லாசபுரிக் கதவுக்குக் காது உண்டு, அது கடைசி வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்ளும். கடைசி வார்த்தை ‘வாரோம்’. ஆகவே மூன்று பேர் வருகிறார்கள் என்று பதிந்துகொண்டு சாத்திக்கொண்டது. இரண்டாம் தடவை வருகிறவர்களுக்கு அடிப்படை வகை கிடையாது.

“வெள்ளி வகைக்கு நல்வரவு” என்று பெனிட்டா மூவர் நெற்றியிலும் சந்தனம் வைத்தாள். சங்கரபாண்டி கார்டைத் தேய்த்தான். அறை கொடுத்தார்கள். அறையில் ஜன்னல் இருந்தது, காற்று தங்க வகையில் வரும் என்றார்கள்.

பக்கத்து அறையில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார். அரை நாளைக்கு என்று வந்தவர், வந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் மரியாதைக்காரர். ஒவ்வொரு தடவையும் ‘வரட்டுமா, வரேன்’ என்று இரண்டு தடவை சொல்லிவிடுவார், இரண்டு பேராகப் பதிவாகிவிடும். காலைச் சாப்பாட்டுக்கு அவருக்கு நாற்பது தட்டு வந்தது.

வெள்ளிக்கிழமை இசைவாணிக்கு மூன்று கத்தல் கிடைத்தது. இரண்டைக் காலையிலேயே செலவழித்துவிட்டு ஒன்றை மிச்சம் பிடித்தாள். கனகமணிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை.

“ஏங்க, இன்னைக்காவது வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும். கல்யாணத்துக்குப் போறோம்னு மட்டும் சொல்லுங்க. எங்க, சொல்லுங்க பாப்போம்.”

“கல்யாணத்துக்குப் போறோம்.”

“இன்னொரு தரம்.”

“கல்யாணத்துக்குப் போறோம். என்னட்டி, என்னைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக்கிட்ட?”

“நேத்து நீங்க பேசுன லட்சணத்துக்கு...” என்று அவள் ஆரம்பித்ததுமே கதவைத் தட்டி ஒரு பணியாளர் வந்தார். சண்டை வைர வகையில்தான் அடக்கம், வெள்ளியில் கிடையாது என்று பணிவாகச் சொன்னார். இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சிரித்த முகமானார்கள்.

சாயங்காலம் வாசலில் சங்கரபாண்டி தெளிவாகத்தான் சொன்னான், “கல்யாணத்துக்குப் போறோம்.” கதவு பாதி திறந்தது. வெளியே சாலை தெரிந்தது, நாகர்கோவில் பஸ் போவது தெரிந்தது. “சரிங்க சார், ரொம்ப சந்தோஷம்” என்று பெனிட்டா கை கூப்பினாள். ஒரு பிள்ளை கை கூப்பி நிற்கும்போது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போக முடியுமா? அவன் வளர்ந்த வளர்ப்பு அப்படி இல்லை.

“அப்ப போயிட்டு வாரோம்மா” என்றான்.

தங்க வகையில் அறைக்குள் காற்று வந்தது, குளுகுளுவென்று நல்ல காற்று. கனகமணி அதை அனுபவிக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, தங்க வகைச் சலுகையாக, ராட்டினத்தோடு ஐந்து நிமிடம் பேசலாம் என்று சீட்டு வந்தது. பதினாறு பெட்டி வைத்த பெரிய ராட்டினம் அது. கனகமணி அதன் எதிரில் போய் நின்று, ஊர்ப்பேச்சுப் பேசினாள். நின்ற இடத்திலேயே பதினோரு வருஷமாகச் சுற்றுவதாகவும் எங்கும் போனதில்லை என்றும் அது சொன்னது.

“ஏறுதாங்க, கத்துதாங்க, இறங்கிப் போயிருதாங்க. எங்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லிக்கிட்டுப் போனதில்ல அக்கா.”

கல்யாண வீட்டுக்காரிக்கு இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்? பையில் மிச்சம் இருந்த பத்திரிகையை எடுத்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. இரண்டு கையாலும் கொடுத்து, “குடும்பத்தோட வந்திரணும். சாக்குப்போக்குச் சொல்லக்கூடாது” என்றாள். ராட்டினம் அதை மூன்றாம் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டது.

அன்று மத்தியானம் அவளே முன்னால் நடந்தாள். புருஷன் வாயில் கைக்குட்டையை வைத்து அமுக்கியிருந்தாள்.

“கல்யாணத்துக்குப் போறோம்” என்றாள் கதவிடம், அழுத்தம் திருத்தமாக.

கதவு முழுக்கத் திறந்தது. ஒரு காலை வெளியே வைத்தும் விட்டாள்.

“கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும் மேம்” என்றாள் பெனிட்டா.

கனகமணிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவ்வளவுதான், நாக்கு தானாகப் புரண்டது. “உன் வாய்க்குச் சர்க்கரை போடணும் தாயி. போயிட்டு வாரோம்.”

வைர வகைக்கு நல்வரவு என்று இந்தத் தடவை பன்னீர் தெளித்தார்கள். சங்கரபாண்டி வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அவன் அப்படி நிதானமாக மடித்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வைரத்தில் ஆளுக்கு ஒரு முழு நிழல். வெந்நீரில் கால் வைத்துக்கொள்ளப் பித்தளை வட்டா. இசைவாணிக்குக் கணக்கில்லாத கத்தல், எதிரொலியோடு. சாயங்காலம் நாலு மணிக்குச் சங்கரபாண்டி காலை வட்டாவில் வைத்து, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான்.

“இன்னும் ஒரு நாள் இருந்தா பிளாட்டினமாம். வானவில் சேத்துத் தாரானாம்” என்றான்.

கனகமணி உடனே பணியாளரைக் கூப்பிட்டாள்.

“எங்களுக்கு ஒரு சண்டை அடக்கம்னு சொன்னீங்கல்லா?”

“ஆமா மேம். குடும்பச் சண்டை ஒன்னு.”

“பழசையும் எடுக்கலாமா?”

“வைரத்துல பழசும் அடக்கம் மேம்.”

இரண்டு நாற்காலி போட்டார்கள், தொண்டை வறண்டால் குடிக்க ஒரு செம்பில் தண்ணீர் வைத்தார்கள். கனகமணி உட்காரவில்லை.

“உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு நாள் முந்தியே போய் நின்னு வாழமரம் கட்டுனீங்க. நான் குறை சொன்னேனா? பந்தல் பிரிக்கிற வரைக்கும் நானும்தான பாத்திரம் கழுவுனேன்? எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. விடிஞ்சா கல்யாணம். உங்களுக்கு வானவில் கேக்குதோ வானவில்லு!”

“நானாட்டி கதவச் சாத்துனேன்? மத்தியானம் யாரு...”

“ஆமா, நான்தான் சொன்னேன்! என் வாயில நானே மண்ணள்ளிப் போட்டேன்! அது எனக்குத் தெரியாதா? சொல்லித்தான் காட்டணுமா?” அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையான அழுகை. “அந்தப் பிள்ள கழுத்துல ஒத்த முடிச்சுதான் நிக்கும். காலம்பூரா என் தம்பி முகத்துல எப்படி முழிப்பேன்? நீங்க வானவில்லயே கட்டிக்கிட்டு அழுங்க. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்!”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். கதவு கேட்டது. கடைசி வார்த்தை ‘போறேன்’. திறந்துகொண்டது. பெனிட்டா கை கூப்பினாள், மேம் என்றாள், நல்லா இருங்க என்றாள். கனகமணி திரும்பியே பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவள் யாரிடம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள்?

இசைவாணி அம்மா பின்னாலேயே ஓடினாள். அவளும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவள் அப்போது கத்திக்கொண்டிருந்தாள்.

சங்கரபாண்டிக்கு வட்டாவில் தண்ணீர் ஆறிப்போயிற்று. முழு நிழலில் தனியாக உட்கார்ந்து பார்த்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஈரக்காலோடு எழுந்து ஓடினான்.

“சார், எங்க சார்?” என்றாள் பெனிட்டா.

“அவளச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வரப் போறேன்!”

கடைசி வார்த்தை எதுவோ அதுதான். கதவு வழிவிட்டது.

சுரண்டைக்கு அவன் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வந்ததும் வராததுமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு வாழைமரத்தைத் தூக்கி வாசலில் கட்டினான். கனகமணி ஜன்னல் வழியே பார்த்தாள். கயிறு தொளதொளவென்று இருந்தது. வெளியே வந்து, அவன் கையிலிருந்து வாங்கி, அவளே இறுக்கினாள். சண்டை அதோடு முடிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பேச்சிமுத்து முதல் முடிச்சைப் போட்டான். கனகமணி மணப்பெண்ணின் பின்னால் நின்று இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். ரவிக்கைக்காரி முடிச்சு, லேசில் அவிழாது. அட்சதை விழுந்தது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று போட்டோக்காரருக்கே தெரியவில்லை, இரண்டையும் எடுத்துவைத்தார்.

பத்தரை மணிக்கு ராட்டினம் வந்தது. அதற்கு வெளியே வருவதில் சிரமம் இருக்கவில்லை. பதினோரு வருஷமாக யாரும் அதனிடம் சொல்லிக்கொள்ளாததால் அதற்கும் சொல்லிக்கொள்ளத் தெரியாது, பேசாமல் உருண்டு வந்துவிட்டது. மூன்றாம் பெட்டியில் பத்திரிகை இருந்தது, நாலாம் பெட்டியில் தேங்காய் பழத்தோடு ஒரு தட்டு இருந்தது.

“வாங்க வாங்க, இப்பத்தான் வழி தெரிஞ்சதா?” என்று கனகமணி வரவேற்றாள். பந்தியில் பதினாறு பெட்டிக்கும் பதினாறு இலை போட்டார்கள். சங்கரபாண்டி பக்கத்தில் நின்று, கூச்சப்படாமல் சாப்பிடச் சொல்லி, பாயசத்தை இரண்டு தடவை ஊற்றினான்.

சாப்பிட்டு முடித்து ராட்டினம் வாசலருகே ஓரமாக நின்றது. ஒவ்வொருவரும் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று நெடுநேரம் கவனித்தது. கூட்டம் குறைந்ததும் தானும் ஒரு பையை வாங்கிக்கொண்டு கனகமணி முன்னால் வந்தது.

“அப்ப நான் போயிட்டு வாரேன் அக்கா” என்றது. சொன்ன சந்தோஷத்தில் பதினாறு பெட்டியும் ஆடின.

வாசல்வரை போயிற்று. போய்விட்டு வந்தது.

கனகமணி உள்ளே போய் ஒரு பாயை எடுத்து வந்தாள்.

“நிழல் சேத்தா, சேக்காமலா?” என்று கேட்டாள்.

“அடிப்படையே போதும் அக்கா” என்று சொல்லிவிட்டு, ராட்டினம் பாயை வாங்கிக்கொண்டு போய் வெயிலில் விரித்து உட்கார்ந்தது.