கொலுப்படியின் முன்கால்களுக்கு ஒரு கதை

1.

உங்களுக்குக் கீழ்வீட்டில் ஒருவர் ஒன்றரை மாதமாக மரம் அறுத்துக்கொண்டே இருந்தால், என்ன செய்கிறீர்கள் என்று போய்க் கேட்பீர்களா, மாட்டீர்களா?

நான் கேட்கவில்லை. கதை எழுதினேன். இது வந்தது அப்படித்தான், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. 2003, புனே, விஷ்ராந்த்வாடி. மருந்துக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் வேலை, மூன்றாவது மாடியில் தனியாள். இந்த ஊருக்கு வந்தபிறகு நான் தமிழில் பேசுவதைவிட எழுதுவது அதிகம். எழுதுவதற்கு எதிரில் ஆள் வேண்டாம்.

2.

முதல் தொடக்கம்: "கடலே இல்லாத ஊரில் அந்த மனிதன் ஒரு படகு"

(நிறுத்திவிட்டேன். எனக்குக் கரூர். படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?)

இரண்டாவது தொடக்கம்: "அவன் தன்னுடைய சவப்பெட்டியைத் தானே"

(இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதை எடுத்தாலும் இப்படித்தான் போகிறது.)

மூன்றாவது: "கீழ்வீட்டில் ஒருவர் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். மேல்வீட்டுக்காரன் கேட்டுக்கொண்டிருந்தான்." இது ஓடியது. நிற்காமல் ஓடி முடிவுவரை போய்விட்டது. என் வாழ்க்கையில் முடிவுவரை நான் எழுதிய முதல் கதை. நீங்கள் படிக்கவேண்டியது உண்மையில் அதுதான். இப்போது படிப்பது அதற்கு என்ன ஆயிற்று என்பது.

ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. கீழே உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் நடுவில் திடீரென்று கிர்ர்ர் என்று வேகம் பிடிக்கும். மனிதக் கை அப்படி ஆடாது. என் பாத்திரத்தை நானே நம்பவில்லை. தாள்களையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

3.

கதவைத் திறந்த பெண்மணியின் கையில் ஒரு மண் ஆமை. கூர்மாவதாரம். நான் ஹிந்தியில், "அந்தச் சத்தம்..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

"அரே, தமிழா நீங்க? நாலு வருஷமா மலையாளின்னு நெனச்சிட்டிருக்கோம்!"

"நானும் உங்கள..."

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவர்களை ஆட்களாக நினைத்ததே இல்லை. சத்தமாகத்தான் நினைத்திருந்தேன்.)

பெயர் கிரிஜா. கணவர் சந்தானம், கட்கியில் தொழிற்சாலை வேலை, பிறந்ததும் அங்கேதான். மரவேலை அவருக்குப் பொழுதுபோக்கு. பட்டறை, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் டிரை பால்கனி. துணி துவைத்து, பாத்திரம் கழுவி, எந்நேரமும் ஈரமாக இருக்கிற இடத்துக்குப் புனேயில் அந்தப் பெயர். வாஷிங் மெஷின்தான் அவருடைய வேலைமேஜை. மெஷின் துணியைச் சுற்றிப் பிழியும்போது பலகையை அதன்மேல் போட்டு உப்புத்தாளைச் சும்மா பிடித்துக்கொள்வாராம். மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

என் சந்தேகம் தீர்ந்தது. இப்படி ஒருவரை நானாக எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

4.

அவர் செய்தது கொலுப்படி. ஐந்து படி, பழைய தேக்கு, நல்ல வழவழப்பு. அன்று சாயந்திரம் கொலு. கட்டடத்துப் பெண்கள் எல்லோரையும் கிரிஜா அழைத்தாயிற்று. பாணேரிலிருந்து நாத்தனார் சாவித்ரியும் வருகிறார், "எதுக்கும் இருக்கட்டும்" என்று தன்னுடைய மடக்கு இரும்புப் படியைக் காரில் போட்டுக்கொண்டு. அந்த இரும்புப் படி ஒருமுறை வாசலைத் தாண்டிவிட்டால், இனி வருஷா வருஷம் அதுதான். பேச்சும் அதுதான்.

தேக்குப் படி ஹாலுக்கு வந்தது. பொம்மைகளை வைத்தோம். எல்லாம் முன்னால் சாய்ந்து, ஏதோ ரகசியம் சொல்ல வருகிற மாதிரி நின்றன. செட்டியார் பொம்மை வழுக்கி என் மடியில் விழுந்தார்.

"ஏங்க, பூரா கோணலா இருக்கு!"

சந்தானம் ரசமட்டத்தை எடுத்து நீட்டினார். "பால்கனில வச்சு தினம் பாத்தேன். குமிழி நட்ட நடுவுல. படி பக்கா. இந்த ஹால்தான் கோணல்."

"வீடே கோணலா?"

"பில்டர் சோர் ஆச்சே, திருட்டுப் பய. வேற எப்படி இருக்கும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் ஓடவேண்டிய பால்கனித் தரை சரிவாகத்தான் இருக்கும். மனிதர் அந்தச் சரிவில் படியை நிறுத்தி, ரசமட்டம் பார்த்துப் பார்த்து, தண்ணீர் போகும் பக்கத்துப் பின்கால்களை நீளமாக வைத்திருக்கிறார். உலகத்திலேயே அந்த ஓர் இடத்தில்தான் இந்தப் படி நேராக நிற்கும்.

நான் சொல்லவில்லை. பாத்திரத்தின் தவறை எழுத்தாளன் போய்ப் பாத்திரத்திடமே சொல்லக்கூடாது.

(அதெல்லாம் சும்மா. வாய்விட்டுத் தமிழ் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. சொன்னால் கிளம்பச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.)

5.

ஆகவே மாற்று முடிவுகள்.

பின்கால்களை அறுத்துவிடலாம். சரியாக இருப்பதை யாராவது அறுப்பார்களா என்றார் சந்தானம்.

கொலுவை டிரை பால்கனியிலேயே வைத்துவிட்டு மெஷினை ஹாலுக்குக் கொண்டுவரலாம். இது நடந்தேவிட்டது, அரை மணி நேரத்துக்கு. அதற்குள் எதிர்வீட்டு மராட்டியப் பெண்மணி எட்டிப் பார்த்து, பயபக்தியோடு மெஷினுக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் திரும்ப மாற்றினோம். குங்குமத்தை மட்டும் துடைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாக ஒரு ஆப்புக்கட்டை. இது சந்தானத்துக்குப் பிடித்துப்போய், உடனே ஒன்று இழைத்துக்கொண்டு வந்தார்.

"பெருமாளுக்கு ஹை ஹீல்ஸா?" என்றார் கிரிஜா. கண் கலங்கியிருந்தது.

6.

"முன்காலுக்கு அடியில பேப்பர் மடிச்சு வச்சா?" என்றேன்.

"பேப்பர் சரஸ்வதியாச்சே சார். காலுக்கு அடியில வைப்பாங்களா? அதுவும் நவராத்திரியில!" என்றார் கிரிஜா.

சந்தானம் என் கையையே பார்த்தார். "அது என்ன?"

"கதை."

"பொஸ்தகத்துல வந்ததா?"

"இல்ல, நானே எழுதினது. யாரும் போடல."

கிரிஜா தாள்களை எட்டிப் பார்த்தார். "அப்போ இன்னும் சரஸ்வதி ஆகலல்ல?"

கீழே கார் ஹாரன் அடித்தது. சாவித்ரி.

தாள்களை மடித்தேன். முதல் பாதி வலது காலுக்கு. முடிவு இருக்கும் பாதி இடது காலுக்கு. பொம்மைகள் நிமிர்ந்தன. சந்தானம் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பாத்தியா, இப்பதான் ஹால் நேராச்சு," என்றார்.

சாவித்ரி படியை மேலும் கீழும் பார்த்தார். ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். நின்றது. இரும்புப் படி காரிலேயே இருந்தது. எனக்கு இரண்டு தடவை சுண்டல் கிடைத்தது.

7.

அதனால் முடிவு என்னிடம் இல்லை. விஜயதசமிவரை உருவ முடியாது, உருவினால் பெருமாள் முதல் செட்டியார்வரை எல்லோரும் கீழே. ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். "மேல்வீட்டுக்காரன் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினான். திறந்தவர்கள்"

அதற்குமேல் வரவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் தடிமனாக எழுதுங்கள்.

மறுநாள் காலை கிரிஜா மேலே வந்து மணி அடித்தார். இடது கால் இன்னும் லேசாக ஆடுகிறது, இரண்டு பக்கம் கூட எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.