பெஞ்சுக்கு அடியில் இரண்டு தட்டு

நாளையோடு லைசென்ஸ் முடிகிறது. டாக்டர் கையெழுத்து இல்லாமல் புதுப்பிக்க மாட்டார்கள். புதுப்பிக்காவிட்டால் பஸ் சாவியை வாங்கிக்கொண்டு கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார்கள். டிப்போவில் ஏற்கெனவே இரண்டு டிரைவர்கள் அப்படித்தான் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்காகத்தான் டிரைவர் இன்று டாக்டரிடம் வந்திருந்தார்.

கண் தேறிவிட்டது. ரத்த அழுத்தமும் எப்படியோ தப்பித்தது. மிச்சம் காது. அதுதான் வில்லங்கம். முகம் பார்த்துப் பேசினால் சமாளித்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் பேசினால், இருபத்தாறு வருஷம் இன்ஜினோடு குடித்தனம் நடத்திய காது என்ன செய்யும்?

அதற்காகத்தான் மச்சினன் கூட வந்திருந்தான். அதே பஸ்ஸுக்குக் கண்டக்டர்.

"பின்னாடி நின்னு மெதுவா நம்பர் சொல்லுவாங்க மாமா. நான் பக்கத்துல உக்காந்து பெஞ்சுக்கு அடியில தட்டுறேன். எத்தன தட்டோ அதான் நம்பர்."

"எண்ணுறதுல தப்பு வந்துட்டா?"

"இத்தன வருஷமா எங்கக்காவ சமாளிச்சீங்கல்ல? அதவிடவா இது கஷ்டம்?"

டாக்டரம்மா வந்தார். மச்சினனை ஒரு பார்வை பார்த்தார்.

"இவர் எதுக்கு?"

"தனியா இருந்தா பயந்துக்குவாரு டாக்டர்."

டாக்டரம்மா டிரைவரின் முதுகுப் பக்கம் போனார். அறை செத்துக் கிடந்தது. பெஞ்சுப் பலகையில் நான்கு தட்டு, முதுகெலும்பில் ஏறியது.

"நாலு."

அடுத்து ஏழு. விரலை மடக்காமல் மனசுக்குள் எண்ணி முடிப்பதற்குள் கழுத்தெல்லாம் வியர்வை.

"ஏழு."

பிறகு இரண்டு தட்டு.

பஸ்ஸில் ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் ஆள் ஏறியாச்சு, எடு. டிரைவரின் இடது கால் தரையை அழுத்தியது. கை கியர் போட்டது. கண், அங்கே இல்லாத கண்ணாடியைப் பார்த்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

டாக்டரம்மா முன்னால் வந்து அந்தக் காலைப் பார்த்தார். அப்புறம் பெஞ்சுக்கு அடியில் இருந்த கையைப் பார்த்தார்.

"நீங்க வெளிய இருங்க."

மச்சினன் போனான். டாக்டரம்மா மறுபடி பின்னால் போனார். டிரைவர் காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் டாக்டரம்மா எதிரே வந்து நின்று, வாயசைவு தெரியப் பேசினார்.

"அஞ்சு தடவ நம்பர் சொன்னேன். காதுக்கு மிஷின் வெச்சுக்கிட்டு வாங்க, மறுபடி பாத்துட்டு கையெழுத்து போடறேன். அதுவரைக்கும் பஸ்ஸ தொடாதீங்க."

சீட்டு எழுதி நீட்டினார். டிரைவர் அதை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே பாய்ந்தார்.

"கெடுத்தியேடா! வா, வேற டாக்டர்கிட்ட போவோம். இந்தத் தடவ ஒழுங்கா தட்டு."

மச்சினன் அசையவில்லை.

"நான் இனிமே தட்டல மாமா."

"ஏன்? வண்டில தெனமும் தட்டத்தானே செய்யற? விசில் ஊதறதக்கூட விட்டு ஒரு வருஷமாச்சு."

"யாரு விட்டா?" மச்சினன் அவர் முகத்துக்கு நேராக வந்தான். "ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஊதறேன். நீங்க வண்டிய எடுக்காததாலதான் அப்புறம் தட்டறேன். யாராவது சக்கரத்துக்கிட்ட நின்னு கத்துனா, யாரு மாமா தட்டுவா?"

டிரைவர் சாலைப் பக்கம் திரும்பினார். எதிர்ச் சாலையில் ஒரு லாரி போனது. அது ஹாரன் அடித்ததா என்று தெரியவில்லை.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். சீட்டு மேஜையிலேயே கிடந்தது.

"இந்த மிஷின் எங்க கெடைக்கும்மா?" என்றார். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."