இருட்டுவதற்குள் வரவேண்டியவள்

சல்மாவின் சின்ன விமானம் நாலு மணிக்கே ஆட்மோர் விமானத்தளத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். பூமியின் தென்கோடியில் இருக்கும் இந்த நாட்டில் ஜூன் குளிர்காலம், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. அருகிலுள்ள பாப்பட்டோயிட்டோய் ஊரில், தன் வீட்டில் இராசமலர் தொலைபேசியை விட்டு நகரவில்லை.

சல்மா 1986இல் விமானம் ஓட்டப் படிப்பதற்காக ஜோர்தானிலிருந்து வந்து, அவர்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தாள். தன் நாட்டில் விமானம் ஓட்டும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், தானும் அதில் ஒருத்தியாக வேண்டும் என்பாள். இன்றுதான் முதல்முறையாக ரொட்டோருவா நகர் வரை தனியாகப் போயிருந்தாள்.

"பிளையிங் கிளப்புக்கு இன்னொருக்கா எடுத்துப் பாருமன்," என்றார் கணவர் செல்வரத்தினம்.

"எடுத்தனான். ரொட்டோருவாவில இருந்து வெளிக்கிட்டிட்டாளாம். பிறகு ரேடியோவில சத்தமே இல்லையாம். மலைப்பக்கம் முழுக்க முகிலாம்."

தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். ஜோர்தானில், அம்மான் நகரிலிருந்து சல்மாவின் அப்பா. சனிக்கிழமைதோறும் எடுப்பவர்.

"மகள் இருக்கிறாளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

குளிக்கிறாள் என்று சொல்லிவிடலாம். வாய் வரவில்லை. தன் தடுமாறும் ஆங்கிலத்தில், "இன்னும் வரவில்லை ஐயா. வானம் சரியில்லை. தேடுகிறார்கள்," என்றாள்.

அவர் சொன்னார்: "நான் வைக்கமாட்டேன். அவள் வரும்வரை இப்படியே இருக்கிறேன்."

இராசமலரும் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றாள். அவர் முனையில், தெருவில் ஏதோ கார் ஹோர்ன் அடிப்பது கேட்டது. செல்வரத்தினம் திடீரென்று எழுந்தார்.

"இஞ்சேரும், லைன் பிசியா இருந்தா அவள் எப்பிடி எடுக்கிறது?"

இராசமலருக்கும் அது உறைத்தது. ஒரு தகப்பனிடம் இதை எப்படிச் சொல்வது? "வையுங்கள் ஐயா. அவளே எடுக்கப் பார்க்கலாம்."

அவர் தயங்கித் தயங்கி வைத்தார். உடனே மணி அடித்தது. சல்மாதான்.

"ஆன்ட்டி! கிளப்புக்குச் சொல்லிவிட்டேன், உங்கள் லைன்தான் கிடைக்கவில்லை!"

முகில் தாழ்ந்ததும் வழியை மாற்றி, மாடமாட்டா என்ற ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையில், உரம் தூவும் விமானங்கள் இறங்கும் புல்தரையில் இறக்கியிருக்கிறாள். நெடுந்தூரம் நடந்து பண்ணைக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" குரல் சுருங்கியது. "இனி என்னை ஊருக்குத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்."

அப்பா மறுபடி எடுத்தபோது இராசமலர் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அழுகிறார் என்று நினைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "வானம் வெளித்தபிறகு அவளே ஓட்டி வரட்டும். யாரும் காரில் கூட்டிவர வேண்டாம்."

மறுநாள் இராசமலர் முதன்முதலாக விமானத்தள வேலியோரம் போய் நின்றாள். தெற்கே, பொம்பே என்று பெயர் கொண்ட குன்றுகள் பக்கம் ஒரு புள்ளி தெரிந்து பெரிதானது. சில்லுகள் தரையில் பட்டு, ஒருதரம் துள்ளி, மறுபடி பட்டு ஓடின. செல்வரத்தினம் கைதட்டினார். விமானம் நின்று சல்மா இறங்கிய பிறகுதான் இராசமலர் வேலியிலிருந்து கையை எடுத்தாள்.