வாசலில் நிற்கிற பெண்

"உள்ளே பரிட்சையில கேட்டா என்ன சொல்லுவே, அதை மட்டும் சொல்லு—"

"கத்தாதே வால்புர்கா, அவங்களுக்குக் கேக்கும்—"

"கேக்கட்டும். பழைய சட்டப்படி நான் உன் பொண்டாட்டி."

"போப்போட அந்தச் சட்டப் புத்தகத்தைத்தான் ஊர்வாசல்ல போட்டுக் கொளுத்தினாங்களே."

"ஓகோ. அப்ப நீ சட்டக் கூடத்துல உக்காந்து படிச்சதெல்லாம் சாம்பலையா?"

கிலியானுக்குச் சிரிப்பு வந்தது, வந்ததும் போய்விட்டது. போப்பின் சட்டம் வேண்டாம் என்று, போப்பை எதிர்த்து எழுந்த விட்டன்பெர்க் நகரமே சொன்னாலும், கல்யாண வழக்கு வாசலுக்கு வந்தால் புரட்டிப் பார்க்க வேறு புத்தகம் கிடையாது. அதனால் அவனைப் போலப் போதகராகப் போகிறவர்களும் அதைப் பாடமாகக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். ஆணும் பெண்ணும் மனமொத்து வாக்குக் கொடுத்தால் போதும், சாட்சி வேண்டாம், அப்பன் சம்மதமும் வேண்டாம் என்று அதில் இருப்பதை அவளுக்குச் சொன்னவனே அவன்தான். ஆப்பிள் தோட்டத்தில் கைபிடித்துக் கொடுத்த வாக்கை வைத்துக்கொண்டுதான் அவள் பனிக்காலத்தையே தள்ளினாள். இப்போது கயிறு திரிக்கிற அவள் அப்பா, மனைவியை இழந்த தோல் பதனிடுகிற ஒருவனுக்கு அவளைப் பேசி முடித்துவிட்டார். ஞாயிறன்று கோயிலில் கல்யாண அறிவிப்பு.

"அதைச் சொன்னா எனக்குச் சபை கிடைக்காது. உன்னை எங்க வெச்சுக் காப்பாத்துவேன்?"

"சொல்லலேன்னா நானே இருக்கமாட்டேன். யாரைக் காப்பாத்துவே?"

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவன் போனான். பரிட்சை நடந்த தலைமைப் போதகர் வீட்டில் வேலைக்கு இருந்தவள் அவள்; பீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கிராமத்து ஜனம் உன்னிடம் லத்தீனில் வந்து அழாது என்று சொல்லிவிட்டுத் தலைமைப் போதகர் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார். அப்பனுக்குத் தெரியாமல் ஒருத்தனுக்கு வாக்குக் கொடுத்த பெண்ணை அப்பன் வேறொருவனுக்குக் கொடுக்கிறான். அவள் உன் வாசலில் வந்து நிற்கிறாள். என்ன செய்வாய்?

கிலியான் பழைய சட்டத்தை வரி பிசகாமல் சொன்னான். சொல்லச் சொல்ல, பார்த்தேயிராத ஒரு வீடு வால்புர்காவின் மனசில் தெரிந்தது: முட்டைக்கோசுப் பாத்தி, புகைகிற அடுப்பு, கொடியில் காய்கிற அவன் கறுப்பு அங்கி, அதைத் தொட்டுப் பார்க்கிற தன் கை.

"ஆனா," என்றான் கிலியான், மேசையைப் பார்த்தபடி, "நம்ம போதனைப்படி அப்பாவுக்குத் தெரியாத வாக்கு வாக்கே இல்ல. வீட்டுக்குத் திரும்பிப் போன்னு சொல்லுவேன்."

பெரியவர்கள் திருப்தியாகத் தலையசைத்தார்கள். இவனுக்குச் சபை நிச்சயம் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

வால்புர்கா கடைசிக் கோப்பையை நிரப்பி அவன் முன்னால் வைத்தாள்.

"ஐயா, அந்தப் பொண்ணு போகமாட்டேன்னு வாசல்லயே நின்னா, இவர் கதவைச் சாத்துவாரான்னு கேளுங்க."